ஆறாவது ஆணி

அஞ்சாணி அக்கா 'சரி' சொல்ல எடுத்துக்கொண்டது, மேலாளர் தன் பேனா மூடியைத் திருகி மூடுகிற நேரம்தான். ஆஸ்பத்திரியின் புதுக் கட்டடம் திங்கட்கிழமை திறக்கிறது, நூற்றிருபது கட்டில், அதற்கென்று தனியாக ஒரு சலவைக்கூடம், பழையதற்கும் புதியதற்கும் சேர்த்து ஒரே பொறுப்பாளர், முதல் மூன்று மாதம் லீவு என்ற பேச்சுக்கே இடமில்லை என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். கடைசி வார்த்தை வருவதற்குள் அக்காவின் தலை ஆடிவிட்டது.

"செய்றேன் சார்."

"யோசிச்சு நாளைக்குச் சொன்னாலும் போதும்."

"இதுல யோசிக்க என்ன சார் இருக்கு?"

மேலாளர் சிரித்தார். அக்கா சிரிக்கும்போது கண் அவருடைய தலைக்கு மேலே போயிற்று. ஆஸ்பத்திரிக்குக் கிடைத்த ஒரு சான்றிதழ் அங்கே தொங்கியது. இரண்டு மாதத்துக்கு முன் அதற்குச் சட்டம் போட்டுக் கொடுத்தவர் அவள் கணவர்தான். இடது மேல் மூலையில் இரண்டு கட்டைகளும் ஒட்டாமல் ஒரு குண்டூசி நுழைகிற அளவுக்கு வாய் பிளந்துகொண்டிருந்தன. அவளுக்குக் காது சூடாயிற்று. இருபத்தாறு வருடமாகச் சட்டம் போடுகிறவர். போயும் போயும் மேலாளர் அறையிலா இப்படி? சாயங்காலம் வீட்டில் இதைக் கேட்காமல் விடுவதில்லை என்று நினைத்துக்கொண்டே படி இறங்கினாள்.

சலவைக்கூடம் கட்டடத்தின் பின்பக்கம், தரை மட்டத்துக்கு அரை மாடி கீழே. ஒரு கதவு வழியாக அழுக்கு வரும், இன்னொரு கதவு வழியாக வெளுத்தது போகும்; இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே கூடாது. நடுவில் ஆள் உயரத்துக்கு ஏழு இயந்திரங்கள். அவற்றைத் தாண்டினால், ஈர விரிப்பை ஒரு பக்கம் விழுங்கி மறுபக்கம் சூடாகத் துப்புகிற உருளை இஸ்திரி. அதற்கப்பால் மடிப்பு மேசை. இரண்டு பெண்கள் விரிப்பின் நான்கு முனைகளையும் பிடித்துக்கொண்டு எதிரும் புதிருமாக வந்து சேர்வதும் பிரிவதுமாக நாள் முழுக்க நடந்துகொண்டே இருப்பார்கள்.

பதினான்கு பேர் வேலை செய்கிறார்கள். வெளியே போகும் கதவை ஒட்டிய சுவரில் பதினான்கு வரிசை, வரிசைக்கு ஐந்து ஆணி. ஆணிகளில் கட்டைவிரல் அகலத்துக்கு மரவில்லைகள் தொங்கும். அக்காவுக்குப் பெயர் வந்தது அந்தச் சுவரால்தான்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் அது வெறும் சுவர். அப்போது மடிப்பு மேசையில் ஒருத்தி இருந்தாள். 'முடியாது' என்ற சொல்லை அவள் படித்ததே இல்லை. யார் லீவு போட்டாலும் அவள் வருவாள். யார் ஓய்வு பெற்றாலும் வழியனுப்பு ஏற்பாடு அவள் தலையில். வீட்டில் நாத்தனார் குழந்தைகள் இரண்டு, இங்கே முதலுதவிப் பயிற்சி, கூடவே ஒரு மாலை வகுப்பு. ஒரு மத்தியானம் உருளைக்கு விரிப்பைக் கொடுத்துக்கொண்டிருந்தவள் நின்ற நிலையிலேயே கண்ணசந்தாள். விரிப்போடு கையும் போயிற்று. பாய்ந்து போய்ச் சிவப்புப் பொத்தானை அடித்தது அக்காதான். அந்தப் பெண் கத்தவில்லை. "ஐயோ, விரிப்புல கறை பட்டுடுச்சே அக்கா" என்றாள். கையை விட அந்த வார்த்தைதான் அக்காவை உலுக்கியது. இன்றைக்கும் உருளை சூடேறும்போது அவளுக்கு அது கேட்கும்.

மறு வாரமே கணவரைக் கூட்டிவந்து சுவரில் ஆணி அடிக்கச் சொன்னாள். சட்டம் அறுத்து மிஞ்சிய துண்டுகளை இழைத்து, ஓட்டை போட்டு, வெள்ளை பூசி வில்லைகளாக்கிக் கொடுத்தவரும் அவர்தான். விதி இதுதான். ஒரு ஆளுக்கு ஐந்து ஆணி. தலைமேல் இருக்கிற பொறுப்பை எல்லாம் பென்சிலால் எழுதி மாட்ட வேண்டும். அதில் ஒன்றாவது வீட்டு விஷயமாக இருக்க வேண்டும். புதிதாக எதையாவது ஏற்க ஆசைப்பட்டால் முதலில் ஒன்றைக் கழற்ற வேண்டும். கழற்றியதைத் தரையில் போடக்கூடாது. 'நான் வாங்கிக்கிறேன்' என்று சொல்கிற இன்னொரு கையில் கொடுக்க வேண்டும். ஆறாவது ஆணி கிடையாது.

ஆரம்பத்தில் சிரித்தார்கள். பிறகு அந்தச் சுவருக்கு முன்னால் நிற்காமல் யாரும் எதற்கும் தலையாட்டுவதில்லை என்றாயிற்று. வண்டி தள்ளுகிறவர் ஒருமுறை 'மச்சானோடு சண்டை, சனி சாயங்காலம்' என்று எழுதி மாட்டினார்.

"இது ஒரு பொறுப்பா?" என்றாள் அக்கா.

"வாரா வாரம் ரெண்டு மணி நேரம் போகுதே அக்கா. கணக்குல காட்டாம இருக்க முடியுமா?"

"அப்ப அதைக் கழட்டு. பாட்டு வகுப்புக்குப் போ."

"கழட்டினா மச்சான் தாங்கமாட்டார். வாரம் பூரா அதுக்காகத்தான் உயிர் வாழ்றார்."

கடைசியில் சண்டையை மாதம் ஒருமுறையாக்கி, பாட்டு வகுப்பில் சேர்ந்தார். மச்சானும் சேர்ந்துவிட்டார் என்று பின்னால் கேள்வி.

அன்றைக்கு அக்கா படி இறங்கி வந்தபோது செய்தி அவளுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. உருளை நின்றிருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். உருளையைப் பார்த்துக்கொள்கிற இஸ்திரிக்காரி மட்டும் இடுப்பில் கைவைத்துச் சுவர் பக்கம் நின்றாள். நாற்பது வயது, நாக்கு மட்டும் அதற்கு மேல்.

"அக்கா, வாழ்த்து அப்புறம். முதல்ல ஒரு கேள்வி. உங்க வரிசை எங்க?"

"என்ன வரிசை?"

"ஆணி வரிசை. பதினோரு வருஷமா எங்க ஆணியை எல்லாம் எண்ணுறீங்களே, உங்களோடதை யார் எண்ணுனது?"

கொல்லென்று சிரிப்பு. அக்காவும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் சுவரைப் பார்த்தாள். பதினான்கு வரிசை. உண்மையிலேயே அவளுக்கு ஒன்று இல்லை. பதினோரு வருடத்தில் அது தோன்றவே இல்லை.

வண்டி தள்ளுகிறவர் ஓடிப்போய்ச் சுத்தியல் கொண்டுவந்தார். அடியில் ஐந்து ஆணி இறங்கின. கிடைத்த ஐந்து வில்லைகளையும் பென்சிலையும் அவள் கையில் திணித்தார்கள். பழைய கூடம், புதுக் கூடம், புது ஆட்களுக்குப் பயிற்சி, ஞாயிற்றுக்கிழமை அம்மா என்று மளமளவென எழுதினாள். அம்மா படுத்த படுக்கையாகத் தங்கை வீட்டில் இருக்கிறாள். ஞாயிறு ஒரு நாள் அக்கா போய்ப் பார்த்துக்கொண்டால்தான் தங்கைக்கு மூச்சு விட நேரம். ஐந்தாவது வில்லையில் 'வீடு' என்று எழுதினாள்.

இஸ்திரிக்காரி அதை வாங்கிப் பார்த்தாள்.

"'வீடு'ன்னா? எங்களை இப்படி எழுத விடுவீங்களா? 'சுவரையா பார்த்துக்கப் போறே? யாருக்கு, என்னிக்கு, எத்தனை மணிக்குன்னு எழுதுடி' அப்படின்னு விரட்டமாட்டீங்க?"

அக்கா பென்சிலை வாங்கினாள். 'வீடு' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அதன் முனை நின்றது. என்றைக்கு? எத்தனை மணிக்கு? வீட்டில் இருப்பது இரண்டு பேர். மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய் மூன்று வருடம். முன்னறையிலேயே கடை இருப்பதால் சமையலில் பாதிக்கு மேல் அவர்தான். அவருக்கு அவளால் ஆக வேண்டியது என்ன?

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு எழுத வரவில்லை.

"வீட்ல கேட்டுட்டு வந்து எழுதுறேன்" என்றாள். சிரிப்புக்குத்தான் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை.

அதிசயமாக நான்கு மணிக்கே வீட்டுக்கு வந்தாள். தெருவோரத்து முன்னறையில் கணவர் வேலையாக இருந்தார். தெருவில் அவரைச் சட்டக்காரர் என்பார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் வக்கீல் என்று நினைத்து வழக்குக் காகிதங்களோடு வந்து நின்றதுண்டு. மேசை மேல் ஒரு குடும்பப் படம், அதைச் சுற்றி நான்கு கட்டைகள். அவர் கட்டையின் ஓரத்தைக் கண்ணால் பார்க்காமல் கட்டைவிரலால் தடவித் தடவி அளந்துகொண்டிருந்தார்.

"பாத்து வேலை செய்யுங்க" என்று ஆரம்பித்தாள் அக்கா. "மேலாளர் ரூம்ல ஒண்ணு போட்டுக் குடுத்தீங்களே, மூலை வாயைப் பொளந்துட்டு நிக்குது. எனக்கு மானமே போச்சு."

அவர் தடவுவதை நிறுத்தினார். "எந்த மூலை?"

"இடது மேல."

"ம். அது சரியா வந்திருச்சுன்னு நெனச்சேன்."

"நெனச்சீங்களா? பாக்கலையா?"

அவர் மறுபடி கட்டையைத் தடவ ஆரம்பித்தார். அவளுக்குப் பதில் கேட்கிற பொறுமை இல்லை. வயிற்றுக்குள் இருந்த செய்தி முண்டியது. ரெண்டு கூடத்துக்கும் நான்தான், திங்கட்கிழமையிலிருந்து, என்று கொட்டினாள். அவர் முகம் மலர்ந்தது. மெய்யாகவே மலர்ந்தது, அதில் நடிப்பில்லை என்று பின்னால் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்து முடிவு செய்தாள்.

"உன்னை விட்டா யார் இருக்கா? எப்பவோ குடுத்திருக்கணும்."

"பொண்ணுங்க எனக்கும் ஆணி அடிச்சுட்டாங்க. வீட்டுக்கு ஒரு வில்லை எழுதணுமாம். சொல்லுங்க, வீட்ல என்னால உங்களுக்கு என்ன ஆகணும்? எழுதிட்டுப் போறேன்."

விளையாட்டாகப் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தாள். அவர் உளியைக் கீழே வைத்தார். கையைத் துடைத்தார்.

"உனக்கு ஏற்கெனவே ஒரு வரிசை இருக்கு" என்றார்.

"எங்க?"

சட்டக் கட்டைகள் வைக்கும் அலமாரி மூலையில் இருந்தது. தூசு என்று அவள் அதைத் திறப்பதே இல்லை. அவர் திறந்தார். கதவின் உள்பக்கம், கண் மட்டத்தில், ஐந்து ஆணி. ஐந்திலும் வில்லை.

சலவைக்கூடம், காலை ஏழு முதல் மூணு, ஆனால் கிளம்ப அஞ்சு. வீட்டுக்கு வந்த பிறகு போன். செவ்வாய் வியாழன் பயிற்சி. ஞாயிறு அம்மா. தூக்கம்.

அவருடைய கையெழுத்துத்தான். ஆனால் எழுத்துகள் ஏறியும் இறங்கியும், வண்டி ஏறிய எறும்புச் சாரி போல் நடுவில் உடைந்து கிடந்தன. கோடு போட்டது போல் எழுதுகிற மனிதர்.

"என்னங்க இது?"

"சும்மா. கணக்குப் போட்டுப் பாத்தேன்."

அலமாரியின் தட்டில், ஆணியில் மாட்டாமல், ஆறாவதாக ஒரு வில்லை தனியாகக் கிடந்தது. அவள் எடுத்தாள். 'கண். பத்து நாள்' என்று எழுதியிருந்தது. அதன் கீழே நான்காக மடித்த ஒரு கண் ஆஸ்பத்திரிச் சீட்டு. தேதி நான்கு மாதத்துக்கு முந்தியது.

"என்னங்க இது?" என்றாள் மறுபடியும். இந்த முறை குரல் அவளுடையதாக இல்லை.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். யாரோ வாடிக்கையாளருக்குச் சட்டத்தின் விவரம் சொல்வது போல நிதானமாகச் சொன்னார். வலது கண்ணில், பின்னால் இருக்கிற திரையின் நடு மையத்தில் ஒரு ஓட்டை. நேர்க்கோடு எல்லாம் நடுவில் இடுப்பு ஒடிந்த மாதிரி தெரிகிறது. ஆளைப் பார்த்தால் சட்டை தெரிகிறது, மூக்கு இருக்கிற இடத்தில் ஒரு அழுக்குத் தெரிகிறது. ஆபரேஷன் செய்து கண்ணுக்குள் காற்றுக் குமிழி வைப்பார்கள். பத்து நாள் குப்புறவே இருக்க வேண்டும். சாப்பாடு, தூக்கம் எல்லாம் தலை கவிழ்ந்தபடி. நாலு வேளை சொட்டு மருந்து. பக்கத்தில் ஒரு ஆள் கட்டாயம் வேண்டும். சீக்கிரம் செய்தால் பார்வை நிறையத் திரும்பும். தள்ளத் தள்ளக் குறையும்.

"யார் கூட்டிட்டுப் போனா?"

"பஸ்ல போனேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் நெனச்சேன். நீதானே சொல்வே, புதுசா ஒண்ணு மாட்டணும்னா ஒண்ணைக் கழட்டணும்னு. அதான் எழுதிப் பாத்தேன். வேலையைக் கழட்ட முடியாது. அம்மாவைக் கழட்டுன்னு நான் எப்படிச் சொல்வேன்? பயிற்சி, போன் எல்லாம் வேலையோட வால். மிச்சம் தூக்கம் ஒண்ணுதான். அதைக் கழட்டப் போனா உருளைல போன அந்தக் கை ஞாபகம் வந்துச்சு." அவர் தோளைக் குலுக்கினார். "ஆறாவது ஆணி கிடையாதே."

அக்கா சீட்டை மறுபடி விரித்துத் தேதியைப் பார்த்தாள். நான்கு மாதமாக அவர் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அவளைப் பார்க்கும்போதெல்லாம், "இந்த வயசுல கண்ணடிக்கிறீங்களா?" என்று கேலி செய்திருக்கிறாள். டீ கோப்பைக்கு வெளியே ஊற்றியபோது சிடுசிடுத்திருக்கிறாள். படியில் தடுக்கியபோது செருப்பு மாற்றச் சொன்னாள். ஒவ்வொன்றும் வரிசையாக வந்து அவள் முன் நின்றது. ஆனால் அதையெல்லாம் மிஞ்சியது கதவில் தொங்கிய அந்த ஐந்து வில்லை. மனிதர் சண்டை போடவில்லை, குறை சொல்லவில்லை. அவள் போட்ட விதிப்படியே அவளை எண்ணிப் பார்த்து, தனக்கு இடமில்லை என்று கண்டு, கதவைச் சாத்திவிட்டார். தேடினால் அதில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் அவளைத் திகைக்க வைத்தது.

"இது என்னோட வரிசை" என்றாள் கடைசியில். "நீங்க யாருங்க இதை எழுத?"

அவர் அவளைப் பார்த்தார். இடது கண்ணால்.

சீட்டில் இருந்த எண்ணுக்கு அங்கேயே போன் செய்தாள். மறுமுனையில் இருந்த பெண் தாள் புரட்டினாள். வருகிற புதன்கிழமை ஒருவர் வரவில்லையாம், இடம் காலி. அதை விட்டால் இன்னும் இரண்டு மாதம்.

"புதன்" என்றாள் அக்கா. சொன்ன பிறகுதான் திங்கட்கிழமை ஞாபகம் வந்தது.

மறுநாள் காலை மேலாளர் அறையில் நின்றாள். பத்து நாள் தள்ளித் தர முடியுமா என்று கேட்டாள். அவர் கெட்டவரில்லை, கேட்டுவிட்டு உச்சுக்கொட்டினார். ஆனால் நோயாளிகள் திங்கட்கிழமை வருகிறார்கள், விரிப்பு இல்லாமல் கட்டில் போட முடியாது.

"அந்தப் பத்து நாளைக்கு மட்டும் யாராவது பாத்துக்கிட்டா?"

"யாரைச் சொல்றீங்க?"

"இஸ்திரிக்காரி. என்னை விடத் தெளிவான ஆளு."

"நானும் நெனச்சேன். ஆனா புதுக் கூடத்துல எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தணும். மூணு வருஷம் முன்னாடி பயிற்சிக்கு ஆள் அனுப்பச் சொன்னப்ப அவங்க பேர் இருந்துச்சு. நீங்கதான் அடிச்சுட்டு அனுப்புனீங்க." அவர் கோப்பைக் கூடப் பார்க்கவில்லை; நினைவிலிருந்தே சொன்னார். "அப்ப சீருடைப் பிரிவுல இருந்து ஒருத்தர் போனார். இப்ப அது தெரிஞ்சவர் அவர் ஒருத்தர்தான். அவருக்குக் குடுத்தா பத்து நாளைக்குன்னு குடுக்க முடியாது. உங்களுக்குத் திரும்ப வராது."

அக்கா அவர் தலைக்கு மேல் பிளந்திருந்த மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு கண்ணும் ஒரு கூடமும். எதையும் யார் கையிலும் கொடுத்து வைக்க முடியாது.

"அவருக்கே குடுத்துடுங்க சார்" என்றாள். பெருந்தன்மை ஒன்றும் இல்லை. இருபத்திரண்டு வருடமாக எதிர்பார்த்தது. சீருடைப் பிரிவு ஆளை அவளுக்குக் கண்டாலே ஆகாது.

கீழே இறங்கி நேராக உருளைக்குப் போனாள். இஸ்திரிக்காரி விரிப்பு கொடுத்துக்கொண்டிருந்தாள். அக்கா மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நடந்ததைச் சொன்னாள். கண், புதன்கிழமை, வேலை கைவிட்டுப் போனது, எல்லாம். இஸ்திரிக்காரி உருளையை நிறுத்தினாள்.

"அண்ணனுக்குச் சரியாயிடும் அக்கா."

"அது இருக்கட்டும். மூணு வருஷம் முன்னாடி கம்ப்யூட்டர் பயிற்சிக்கு நீ கேட்டியா?"

"கேட்டேனே. சுவரைப் பாத்துட்டு, 'உனக்கு அஞ்சும் ரொம்பியிருக்கு, உன்னால தாங்காது'ன்னு நீங்களே என் பேரை அடிச்சுட்டீங்க. நல்லதுக்குத்தான்னு விட்டுட்டேன்."

"எதைக் கழட்டுவேன்னு உன்கிட்ட நான் கேக்கலையா?"

"இல்லையே."

"கேட்டிருந்தா எதைக் கழட்டியிருப்பே?"

இஸ்திரிக்காரி விரிப்பின் ஓரத்தை நீவினாள். "வேணாம் விடுங்க."

"சொல்லுடி."

"ஞாயிற்றுக்கிழமையை."

அக்காவுக்குச் சட்டென்று புரியவில்லை. பிறகு புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை தான் அம்மாவைப் பார்க்கப் போக, கூடத்தை அன்றைக்குப் பார்த்துக்கொள்வது இஸ்திரிக்காரி. சுவரில் மூன்றாவது வரிசை, நான்காவது ஆணி. பதினோரு வருடமாக அங்கே தொங்குகிற வில்லை. தினம் அதைக் கடந்துதான் போகிறாள். அந்த வரிசையில் எல்லாவற்றையும் எடைபோட்டாள், அதை மட்டும் சுவரின் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டாள்.

"வாயைப் பொளந்துட்டு நிக்காதீங்க. விரிப்பு ஆறுது" என்றாள் இஸ்திரிக்காரி. "கழட்டியிருப்பேன்னுதான் சொன்னேன். கழட்டலையே."

"இப்பக் கழட்டு."

"யார் கைல குடுக்க? உங்க விதி."

இரண்டு பேரும் சுவருக்கு முன் நின்று பேசிய பேச்சு அரை மணி நேரம். இஸ்திரிக்காரி கேட்டாள், அக்கா பதில் சொன்னாள். அந்தக் கூடத்தில் அது தலைகீழ். கடைசியில் புது ஆட்களுக்குச் செவ்வாய் வியாழன் கொடுக்கிற பயிற்சி அக்காவின் வரிசையிலிருந்து கழன்றது, அதை மடிப்பு மேசைப் பெண்களில் ஒருத்தி வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்த பிறகு வருகிற போனை வண்டி தள்ளுகிறவர் வாங்கினார். மச்சானும் பாட்டில் சேர்ந்தபின் சண்டை அடியோடு நின்றுபோனதில் அவருக்கு ஒரு ஆணி காலியாகத்தான் இருந்தது. ஞாயிறு மட்டும் உடனே தீரவில்லை. தங்கையிடம் பேச வேண்டும், மாற்றி மாற்றி வைத்துக்கொள்ள முடியுமா என்று பார்க்க வேண்டும். அடுத்த கம்ப்யூட்டர் பயிற்சிக்குப் போகிறவள் என்று இஸ்திரிக்காரியின் பெயரை அக்கா தாளில் எழுதப்போனாள்.

"இருங்க. போறேன்னு நான் சொல்லவே இல்லையே" என்றாள் அவள். "வீட்ல கேட்டுட்டு வந்து சொல்றேன்."

புதன்கிழமை ஆபரேஷன் நடந்தது. குப்புறப் படுப்பதற்குச் சட்டக்காரர் முந்தின நாளே தானே ஒரு சட்டம் அடித்து வைத்திருந்தார்: கட்டிலின் தலைமாட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், நடுவில் முகம் அளவுக்குத் திறப்பு, சுற்றிலும் பஞ்சு. அதன் நான்கு மூலைகளும் சேரவில்லை. அக்கா அந்தப் பிளவுகளிலும் பஞ்சை அடைத்தாள்.

பத்து நாளும் அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடன் பேச வேண்டுமென்றால் அவள் கீழே தரையில் மல்லாந்து படுத்து மேலே பார்க்க வேண்டும். திருமணமாகி இருபத்தேழு வருடத்தில் அந்த முகத்தை அவ்வளவு நேரம், அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததாக அவளுக்கு நினைவில்லை. தாடைக்கு அடியில் ஒரு தழும்பு. எப்போது வந்தது என்று கேட்டாள்.

"உங்க சுவர்ல ஆணி அடிச்சப்ப. சுத்தியல் நழுவி."

"சொல்லவே இல்ல?"

"நீ அன்னிக்கு வேகமா இருந்தே."

சொட்டு மருந்து விட முகத்தைச் சற்றே திருப்பியபோது, "அந்த வேலை போனதுல வருத்தமா?" என்று கேட்டார்.

"வருத்தம்தான்."

"கோபமா?"

"கோபமும்தான். வேலை போனதுக்கு இல்ல. என்னைக் கேக்காம எனக்காக முடிவு பண்ணதுக்கு." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தாள். இஸ்திரிக்காரி இதே வார்த்தையை அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பதினோராம் நாள் டாக்டர் பார்த்துவிட்டு, ஓட்டை மூடிவிட்டது, பார்வை கொஞ்சம் கொஞ்சமாக வரும் என்றார். எவ்வளவு வரும் என்று அக்கா கேட்டாள். "நாலு மாசம் முன்னாடி வந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர், மீதியைச் சீட்டில் எழுதுவது போலக் குனிந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் சட்டக்காரர் இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு வாசல் நிலையைப் பார்த்தார்.

"சொல்லுங்க" என்றாள் அக்கா.

"கலங்கலா இருக்கு. கோடு ஒரு பக்கம் நேராத்தான் இருக்கு."

"இன்னொரு பக்கம்?"

"கூன் போட்டிருக்கு. முன்னாடி இடுப்பே ஒடிஞ்சிருந்துச்சு. இது தேவலை."

அவள் அலமாரியைத் திறந்தாள். கதவிலிருந்த ஐந்து வில்லைகளையும் கழற்றி உப்புத்தாளில் தேய்த்தாள். எழுத்துப் போய் மரம் தெரிந்தது. தட்டில் கிடந்த ஆறாவதையும் தேய்த்து அவற்றோடு கலந்தாள். ஒன்றை எடுத்து, பென்சிலோடு அவர் முன்னால் உட்கார்ந்தாள்.

"இனிமே என் ஆணியை நீங்க எண்ண வேணாம். நான் எண்ணிக்கிறேன். இப்பச் சொல்லுங்க. உங்களுக்கு என்னால என்ன ஆகணும்? என்னிக்கு? எத்தனை மணிக்கு?"

கேட்டுப் பழக்கமில்லாத மனிதர். அப்படி ஒரு கேள்வி வரும் என்று எதிர்பார்க்கவும் இல்லை. கட்டைவிரலால் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"யோசிச்சு நாளைக்குச் சொல்றேன்" என்றார்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று அவளுக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"சரி" என்றாள். "நாளைக்குச் சொல்லுங்க." எதுவும் எழுதாத வில்லையை முதல் ஆணியில் மாட்டிவிட்டு, கதவைத் திறந்தே வைத்தாள்.